தங்கக் காசில் பாண்டா... காட்டில் இருக்கிற பாண்டாவுக்கு என்ன கிடைக்குது?

நகைக் கடைக்குப் போனா முதல் கேள்வி, ‘‘சவரன் என்ன ரேட்டு?’’ அந்த ‘சவரன்’ என்பதே ஒரு காசின் பெயர்தான் தெரியுமா? பிரிட்டிஷ்காரர்கள் அடித்த ‘சாவரின்’ தங்கக் காசு. 22 காரட், எடை 7.98 கிராம். அதைத்தான் நாம 8 கிராம்னு முழுசாக்கி, இன்னிக்கு வரைக்கும் தங்கத்தை அளந்துட்டு இருக்கோம். அந்தக் காசின் ஒரு பக்கம் ராஜா அல்லது ராணியின் தலை. மறுபக்கம், குதிரை மேலேறி டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ்.

இன்றைக்கு உலகம் முழுக்க அடிக்கப்படும் தங்கக் காசுகளில் டிராகன் இடத்துக்கு நிஜ விலங்குகள் வந்துவிட்டன. மூங்கில் கடிக்கும் பாண்டா, தாவும் கங்காரு, யானை, சிங்கம் என்று ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தக் காசுகளை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தால், ‘நாமளும் ஒண்ணு வாங்கிப் போடலாமா?’ என்று தோன்றுவது சகஜம். தங்கமும் ஆச்சு, அழகும் ஆச்சு, விலங்குகளுக்கு நல்லது பண்ணின மாதிரியும் ஆச்சு!

இந்த மூன்றில் எது உண்மை, எது பாதி உண்மை? வாங்குவதற்கு முன்னாடி ஒருமுறை பார்த்துடலாம்.

எல்லா தங்கக் காசும் ஒண்ணு இல்லை!

விலங்கு போட்ட தங்கக் காசுகளில் இரண்டு வகை உண்டு.

முதலாவது ‘புல்லியன்’ காசு. தங்கத்தில் முதலீடு செய்பவர்களுக்காக அடிப்பது. தென்னாப்பிரிக்கா 1967-ல் கொண்டுவந்த ‘க்ரூகர்ராண்ட்’தான் இதற்கு வழிகாட்டி. சரியாக ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் அதில் இருக்கும். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட நாலு சவரன் எடை. உறுதிக்காகக் கொஞ்சம் செம்பு கலந்த 22 காரட் காசு அது. ஒரு பக்கம் பால் க்ரூகர் என்ற அரசியல் தலைவர், மறுபக்கம் தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்ப்ரிங்பாக்’ மான். தங்கள் நாட்டுத் தங்கத்தை உலகம் முழுக்க விற்பதற்காக அடித்த காசு.

இரண்டாவது, சேகரிப்பவர்களுக்காகவே அடிக்கும் காசு. இதில் ‘புரூஃப்’ என்ற வார்த்தை அடிக்கடி வரும். காசு அடிக்கும் அச்சையும், தங்க வில்லையையும் முன்கூட்டியே மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பார்கள். அதனால் பின்னணி கண்ணாடி மாதிரியும், விலங்கின் உருவம் மட்டும் பனி படிந்த மாதிரியும் தெரியும். இத்தனை காசுதான் அடிப்போம் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். கூடவே டப்பா, சான்றிதழ் எல்லாம் வரும்.

இரண்டிலும் ஒரே அளவு தங்கம் இருக்கலாம். ஆனால் விலை ஒன்றாக இருக்காது. குழப்பம் ஆரம்பிப்பதே இங்கேதான்.

வருஷா வருஷம் முகம் மாறும் பாண்டா

இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பது சீனாவின் தங்கப் பாண்டா. 1982-ல் வந்தது. ஒரு பக்கம் பெய்ஜிங்கின் ‘சொர்க்கக் கோயில்’, இன்னொரு பக்கம் பாண்டா. முதல் வருஷக் காசில் எத்தனை யுவான் என்ற மதிப்புகூடப் போடவில்லை. எடையும் தூய்மையும் மட்டும்தான். அடுத்த வருஷத்திலிருந்து மதிப்பு அச்சானது.

மற்ற நாடுகளின் புல்லியன் காசுகளில் பல, ஒரே படத்தோடு வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்க, பாண்டா மட்டும் ஒவ்வொரு வருஷமும் புது போஸ் கொடுக்கும். ஒரு வருஷம் மரம் ஏறும், அடுத்த வருஷம் குட்டியோடு உட்கார்ந்திருக்கும். ‘போன வருஷத்தது இருக்கு, இந்த வருஷத்தது இல்லையே’ என்ற அரிப்புதான் சேகரிப்பவரை மறுபடி மறுபடி வாங்க வைக்கும்.

2001-ல் இந்தப் பழக்கத்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2002-லும் அதே படம் வந்தது. சேகரிப்பவர்கள் அதை ஏற்கவில்லை. மறுபடியும் வருஷத்துக்கு ஒரு படம் என்ற வழக்கமே திரும்பியது. தங்கம் அதே தங்கம்தான்; ஆனால் அவர்கள் காசு கொடுத்தது தங்கத்துக்கு மட்டும் இல்லை என்பது அப்போது தெளிவாகிவிட்டது. 2016 முதல் அவுன்ஸ் கணக்கை விட்டுவிட்டு 30 கிராம், 15 கிராம், 8 கிராம், 3 கிராம், 1 கிராம் என்று கிராமில் அடிக்கிறார்கள்.

ஒரு டன் கங்காரு

‘காசுல 100 டாலர்னு போட்டிருக்கே, அவ்வளவுதான் மதிப்பா?’ என்ற சந்தேகம் நிறைய பேருக்கு வரும். இல்லை. அது வெறும் முகமதிப்பு. சட்டப்படி அது ‘பணம்’ என்று சொல்வதற்காகப் போடுவது. ஆஸ்திரேலியாவின் ஒரு அவுன்ஸ் தங்கக் கங்காருவில் 100 ஆஸ்திரேலிய டாலர் என்று இருக்கும். அதைக் கொண்டுபோய் 100 டாலருக்கு மளிகை வாங்கினால், பெரிய நஷ்டம் நமக்குத்தான்.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது ஆஸ்திரேலியாவின் பெர்த் மின்ட். 2011-ல் ஒரு ராட்சதக் காசைக் காட்சிக்கு வைத்தார்கள். எடை 1,012 கிலோ. குறுக்களவு சுமார் 80 சென்டிமீட்டர், தடிமன் 12 சென்டிமீட்டருக்கும் மேல். 99.99 சதவிகிதத் தங்கம். நடுவில் துள்ளும் சிவப்புக் கங்காரு. அதன் முகமதிப்பு 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். உள்ளே இருக்கும் தங்கமோ அப்போதே 5 கோடி டாலருக்கு மேல் பெறும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேகரிப்பவர்களிடையே பிரபலமான ‘சோமாலியா யானை’ காசை அடிப்பது ஜெர்மனியின் பவேரியா மாநில நாணயச் சாலை. காசில் சோமாலியாவின் பெயர் இருக்கும். ஆனால் சோமாலியா கடைத்தெருவில் யாரும் அதைக் கொடுத்து வாங்குவதில்லை. எந்த நாட்டின் பெயர் காசில் இருக்கிறதோ, அங்கேதான் அடித்தார்கள் என்றோ, அந்த நாட்டு யானைக்குத்தான் பணம் போகிறது என்றோ நாமாக முடிவுசெய்துவிடக் கூடாது.

செய்கூலி, சேதாரம் மாதிரிதான்!

விலைக்கு வருவோம். நகை வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலி, சேதாரம் சேருது இல்லையா? விற்கப் போனால் அது திரும்பி வராது. விலங்குக் காசில் இதே இடத்தில் இருப்பதுதான் ‘பிரீமியம்’. தங்கத்தின் மதிப்புக்கு மேல் நாம் கொடுக்கும் தொகை.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடலாம். காசில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லியன் காசை 105 ரூபாய்க்கும், அதே எடை ‘லிமிடெட் எடிஷன்’ காசை 150 ரூபாய்க்கும் வாங்குகிறீர்கள். அடுத்து தங்கம் 20 சதவிகிதம் ஏறுகிறது. இரண்டையும் சாதாரணத் தங்க வியாபாரியிடம் கொண்டுபோனால், அவர் தங்கத்துக்குத்தான் விலை போடுவார். இரண்டுக்கும் அதிகபட்சம் 120. முதல் காசில் 15 ரூபாய் லாபம். இரண்டாவதில், தங்கம் ஏறியும் 30 ரூபாய் நஷ்டம்! அந்த 150-ஐ மீட்க வேண்டுமென்றால், அதே காசைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு சேகரிப்பாளர் கிடைக்க வேண்டும்.

சில பழைய காசுகளுக்கு அப்படி ஆள் கிடைப்பதும் உண்மை. குறைவாக அடித்து, நல்ல நிலையில் மிச்சமிருக்கும் ஆரம்பகாலப் பாண்டாக்களுக்குத் தங்க மதிப்பைத் தாண்டி விலை கிடைக்கிறது. ஆனால் எந்தக் காசு நாளைக்கு அப்படி ஆகும் என்று விற்பவரே சொல்ல முடியாது. ‘குறைவாக அடித்தோம்’ என்பது மட்டும் போதாது. அதை விரும்புபவர்கள் அதைவிட அதிகமாக இருக்கணும்.

1974-ல் ஒரு நல்ல முயற்சி

சரி, விலங்குகளுக்கு என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வியோடு நேரடியாகவே தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. 1974-ல் உலக வனவிலங்கு நிதியம், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டும் சேர்ந்து ‘பாதுகாப்பு நாணயங்கள்’ என்ற வரிசையைத் தொடங்கின. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. பெரும்பாலான நாடுகள் ஒரு தங்கக் காசும் இரண்டு வெள்ளிக் காசுகளும் வெளியிட்டன. ஒவ்வொன்றிலும் அந்த நாட்டில் அழிவை நோக்கிப் போகும் ஒரு உயிரினம். விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு வனவிலங்குப் பாதுகாப்புக்கு.

தங்கத்தில் நேபாளம் போட்டது ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம். இந்தோனேசியா கொமோடோ டிராகன். மலேசியா, பன்றியும் யானையும் கலந்த மாதிரி முகம் கொண்ட டாபிர். மங்கோலியா, ‘தாகி’ என்ற காட்டுக்குதிரை. தாய்லாந்து ஒரு சின்னப் பறவை.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்தத் தங்கக் காசுகள் இன்றும் ஏலத்தில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதில் இருந்த உயிரினங்கள் என்ன ஆயின?

காணாமல்போன பறவை

தாய்லாந்தின் 1974-ம் ஆண்டு 5,000 பாட் தங்கக் காசில் இருப்பது ‘வெண்கண் ஆற்றுத் தகைவிலான்’. இந்தப் பறவை இருப்பதே உலகத்துக்கு 1968-ல்தான் தெரியவந்தது. கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர், புயெங் போரபெட் ஏரியில் கண்டுபிடித்தார். தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்ன் பெயரை அதன் அறிவியல் பெயரில் சேர்த்தார்கள். குளிர்காலத்தில் அந்த ஏரியின் நாணல் புதர்களில் மற்ற தகைவிலான் குருவிகளோடு சேர்ந்து ராத்தங்கும். அந்தக் குருவிகளை அங்குள்ளவர்கள் வலைபோட்டுப் பிடிப்பது வழக்கம். இதுவும் சேர்ந்து மாட்டியது.

கண்டுபிடித்த ஆறு வருஷத்தில் தங்கக் காசில் ஏறிவிட்டது. ஆனால் 1980-க்குப் பிறகு அதை யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. எங்கே கூடு கட்டியது, எங்கே குஞ்சு பொரித்தது என்பதைக்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதே வரிசையில் இந்தோனேசியாவின் வெள்ளிக் காசில் வந்த ஜாவா புலியும் இன்று உலகத்தில் இல்லை.

திரும்பி வந்த குதிரை

மங்கோலியாவின் கதை நேர் எதிர். 1976-ல் தாகி குதிரை தங்கக் காசில் வந்தபோது, மங்கோலியப் புல்வெளியில் ஒரு தாகிகூட இல்லை. காட்டில் கடைசியாகப் பார்த்தது 1969-ல். மிச்சமிருந்தவை எல்லாம் வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில். அவையும் ஒரு டஜனைச் சற்று ஒட்டிய முன்னோர்களின் வாரிசுகள்தான். அவற்றைப் பார்த்துப் பார்த்து இனப்பெருக்கம் செய்ய வைத்து, 1992-ல் மங்கோலியாவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே ஹுஸ்டாய் தேசியப் பூங்காவில் அவை கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம்.

நேபாளத்திலும் நல்ல செய்தி. 1960-களின் கடைசியில் அங்கே இருந்த காண்டாமிருகங்கள் சுமார் 100. 1973-ல் சித்வான் தேசியப் பூங்கா வந்தது. ராணுவக் காவல் போட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 752.

பாண்டாவும் அப்படித்தான். 2014-ல் முடிந்த கணக்கெடுப்பில் சீனக் காடுகளில் 1,864 பாண்டாக்கள். 2016-ல் ‘அழியும் நிலை’ பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏறியது. காரணம், மரம் வெட்டத் தடை போட்டதும், மூங்கில் காடுகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக ஆக்கியதும்.

கவனிச்சீங்களா? பிழைத்த விலங்குகளைப் பிழைக்க வைத்தது பூங்கா, காவல், வாழிடம், பல வருஷ உழைப்பு. காசு வழியாக வந்த பணம் இதற்கெல்லாம் உதவலாம். அந்த உழைப்பு இல்லாத இடத்தில் காசில் ஏறினாலும் பறவை தப்பிக்கவில்லை. மொரீஷியஸைப் பாருங்க. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், ஞாபகம் இருக்கா? அவர்கள் 1988-ல் தங்கக் காசில் போட்டது டோடோ பறவையை. டோடோ அழிந்து அப்போதே 300 வருஷம் தாண்டிவிட்டது!

தங்கம் எங்கிருந்து வருது?

யாரும் பேசாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு டன் பாறையை உடைத்தால், பல சுரங்கங்களில் கிடைக்கும் தங்கம் சில கிராம்தான். ஒரு சவரனுக்குப் பின்னாடி எவ்வளவு மண் புரட்டப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரு நாட்டின் அமேசான் பகுதியில் மாத்ரே தே தியோஸ் என்ற இடம் இருக்கிறது. ஜாகுவாரும் ராட்சத நீர்நாயும் வாழும் காடு. ஆற்று மணலில் இருக்கும் தங்கத்துக்காக அங்கே காட்டை வெட்டிக் குழிகளாக்கிவிட்டார்கள். மணலில் இருக்கும் தங்கத் துகளைப் பிரிக்கப் பாதரசம் சேர்ப்பார்கள். அது ஆற்றுக்குப் போய், மீனுக்குப் போய், மீன் தின்னும் நீர்நாய்க்கும் மனிதர்களுக்கும் போகும். மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் அதிகப் பங்கு இப்படிப்பட்ட சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு.

எல்லா காசும் இப்படி வந்த தங்கம் இல்லை. மறுசுழற்சி செய்த தங்கத்தில் அடிப்பதும் உண்டு. ஆனால் காட்டு விலங்கின் படம் போட்ட காசை வாங்கும்போது, அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆசையா இருக்கு, வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். ஆனா, இதையெல்லாம் பார்த்துட்டு வாங்குங்க.

* தங்கமா, தங்க முலாமா? ‘24 காரட் கோல்டு பிளேட்டட்’, ‘கோல்டு லேயர்டு’ என்று இருந்தால் அது மேல் பூச்சு மட்டும்தான். உள்ளே செம்போ, பித்தளையோ, வெள்ளியோ இருக்கும். தங்கக் காசு என்றால் எத்தனை கிராம், எத்தனை தூய்மை என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள்.

* தங்கத்தின் மதிப்பை நீங்களே போட்டுப் பாருங்க. எடையை, அந்தத் தூய்மைக்கான அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் போதும். கேட்கும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ‘செய்கூலி’. அரை கிராம், ஒரு கிராம் குட்டிக் காசுகளில் இந்த வித்தியாசம் சதவிகிதக் கணக்கில் ரொம்பவே அதிகம்.

* திரும்ப யார் வாங்குவாங்க? விற்பவரிடமே, ‘இதே காசை நான் கொண்டுவந்தா என்ன விலைக்கு எடுப்பீங்க?’ என்று கேளுங்க. பதில் மழுப்பலாக வந்தால் உஷார்.

* போலி ஜாக்கிரதை. பாண்டா போன்ற பிரபலமான காசுகளுக்குப் போலிகள் நிறைய. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், உள்ளே அதை வைத்து மேலே தங்கம் பூசினால் எடை காட்டிக்கொடுக்காது. எடையோடு குறுக்களவு, தடிமன் மூன்றையும் மின்ட் வெளியிட்ட அளவோடு ஒப்பிடணும். விலை உயர்ந்த காசு என்றால், தரம் பார்த்து 70 மதிப்பெண்ணுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்களின் சான்று இருப்பது நல்லது. அந்தச் சான்று எண்ணையும் அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபாருங்க.

* வரியைச் சேர்த்துக் கணக்கு போடுங்க. இந்தியாவில் தங்கத்துக்கு 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி உண்டு. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக ஆர்டர் போட்டால் இறக்குமதி விதிகளும் சுங்க வரியும் குறுக்கே வரும். அவை அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்னாடி அன்றைய நிலவரத்தைப் பாருங்க.

* துடைக்காதீங்க! பூஜைச் சாமானைத் தேய்க்கிற மாதிரி புரூஃப் காசைத் துடைத்தால், கண்ணாடிப் பரப்பில் கீறல் விழுந்து மதிப்பு போய்விடும். கை ரேகைகூடப் படியும். எடுக்கணும்னா விளிம்பை மட்டும் பிடிங்க. டப்பாவையும் சான்றிதழையும் தூக்கிப் போடாதீங்க.

* விலங்குக்கு எவ்வளவு? ‘விற்பனையில் ஒரு பகுதி வனப் பாதுகாப்புக்கு’ என்று இருந்தால், எந்த அமைப்புக்கு, எத்தனை சதவிகிதம் என்று பாருங்க. எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால், படம் மட்டும்தான் விலங்கு. பணம் மின்ட்டுக்கும் வியாபாரிக்கும்.

முடிவா ஒரு வழி சொல்லலாம். சேமிப்புக்காகத் தங்கம் வேணும்னா, பிரீமியம் குறைவான சாதாரணக் காசையோ புல்லியனையோ வாங்குங்க. யானைக்கோ புலிக்கோ உதவணும்னு மனசு சொன்னா, களத்தில் வேலை செய்யும் நம்பகமான அமைப்புக்கு நேரடியாகக் கொடுங்க. இடையில் யாருக்கும் பிரீமியம் போகாது. அழகுக்காக, சேகரிக்கும் சந்தோஷத்துக்காக ஒரு பாண்டா வேணுமா? அதையும் வாங்குங்க. புதுச் செருப்புக்கோ, டூருக்கோ செலவழிக்கிற மாதிரி அந்தப் பிரீமியத்தைச் செலவுக் கணக்கில் எழுதிடுங்க. அப்புறம் தங்கம் ஏறினாலும் இறங்கினாலும், டப்பாவைத் திறந்து பார்க்கும்போது மனசு சங்கடப்படாது.